மகரம் இல்லாமல் கல்யாணம் இல்லை

மயிலாப்பூர்,
திங்கட்கிழமை.

ஆதம்பாக்கம் அத்திம்பேர் அவர்களுக்கு சுந்தரராமன் அநேக நமஸ்காரம். இவ்விடம் நான், வேம்பு, குழந்தை ஹம்சா மூவரும் சௌக்கியம். போன வாரம் சௌக்கியமாக இல்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

ஹம்சா கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது என்று அழாக்குறையாக உங்களிடம் போனில் சொன்னேனே, அது நிற்கவில்லை. கபாலி காப்பாற்றினான். பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள், பையனின் அம்மா, அடையாறு ஜானகி மாமி கூப்பிட்டு, "பொண்ணை எங்க எல்லாருக்கும் பிடிச்சுடுத்து மாமா. ஆனா ஒண்ணு, மகரம் வேணும். மகரம் இல்லாம எங்காத்துல ஒரு கல்யாணமும் நடந்ததில்லை" என்றாள். நானும் "அதுக்கென்ன, பேஷா!" என்று சொல்லி வைத்துவிட்டேன். எந்த மகரம் என்று கேட்டிருக்கலாம்தான். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போன பெண்ணின் அப்பா, எதையாவது கேட்டு இதையும் கெடுத்துக்கொள்வேனா?

ஆளுக்கொரு மகரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். ஆயுசு முழுக்கத் தமிழ் வாத்தியாராக இருந்த எனக்கு மகரம் என்றால் 'ம' என்கிற எழுத்து. பேரை மாற்றச் சொல்கிறார்கள் என்று மங்களா, மதுரா, மைதிலி என்று யோசித்தால், "என் பேர்ல கை வச்சே, நானே கல்யாணத்தை நிறுத்திடுவேன்"னு ஹம்சா கத்தறா. அவளுக்கு மகரம்னா ராசி. தான் துலாம், எல்லாம் போச்சு என்று சாப்பிடாமல் படுத்துவிட்டாள். வேம்புவோ, "மகரகுண்டலம்னா! பெருமாள் காதுல இருக்குமே!" என்று என்னை தியாகராய நகருக்கு இழுத்துண்டு போனா. நகைக்கடையில் இல்லை, பக்கத்துப் பாத்திரக் கடையில் கேளுங்கள் என்றார்கள். அங்கே பொன்னுரங்கம் என்கிறவர், "மகரம் தானே சார்? கீது, கீது" என்று சுவாமி படத்துக்கு மேலே வைக்கிற பித்தளைத் தோரணத்தைக் கொண்டுவந்து வைத்தார். யானைத் தும்பிக்கை, முதலை வாய், மீன் வால். "இந்த மூஞ்சியையா என் பொண்ணு காதுல மாட்டறது?"ன்னு வேம்பு அங்கேயே அழ ஆரம்பிச்சுட்டா. "இன்னாத்துக்கும்மா அழுவுற? வூட்டம்மாவுக்கு ஒரு ஸ்டூல் போடுப்பா!" என்று பொன்னுரங்கம் பதறினார்.

ஸ்டூலில் உட்கார்ந்தவள், அழுதுண்டே ஜானகி மாமிக்குப் போனைப் போட்டுவிட்டாள். நான் பிடுங்குவதற்குள் கேட்டும்விட்டாள். மாமி சிரித்த சிரிப்பு கடை முழுக்கக் கேட்டது. "ஐயோ, தை மாசத்தைச் சொன்னேன்! நாங்க பாலக்காடு இல்லையோ, மலையாள மாசக் கணக்குல மகரம்னுதான் வாயில வரும்!"

அத்திம்பேர், எனக்குப் போன உசிர் திரும்பி வந்தது. கண்ணுல ஜலமே வந்துடுத்து. ஹம்சா அன்னிக்கு ஆறு தோசை சாப்பிட்டா. தையிலேயே நல்ல முகூர்த்தம், மந்தைவெளியில் மண்டபமும் சொல்லியாச்சு. நீங்களும் அக்காவும் முதல் நாளே வந்து, முன்னால் நின்று நடத்திக் கொடுக்க வேண்டும். குழந்தைக்கு உங்கள் பரிபூர்ண ஆசீர்வாதத்தைக் கோரும்,

சுந்தரராமன்

பி.கு.: கடிதத்தை ஒட்டும்போது ஜானகி மாமி கூப்பிட்டாள். "கும்பம் முக்கியம் மாமா, மறந்துடாதேங்கோ. கும்பம் இல்லாம மாப்பிள்ளை மண்டபத்துல கால் வைக்கப்படாது" என்றாள். இந்தத் தடவை நான் ஏமாறவில்லை. மகரம் தை என்றால் கும்பம் மாசி. "புரிஞ்சுடுத்து மாமி!" என்று சொல்லி, உடனே மண்டபத்தை மாசிக்கு மாற்றிவிட்டேன். வேம்பு இப்போ வந்து சொல்றா, அது வாசல்ல மாப்பிள்ளையை வரவேற்கிற பூர்ணகும்பமாம். தை முகூர்த்தத்தை அதற்குள் வேறு யாரோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள். மேலே சௌக்கியம் என்று எழுதியிருப்பதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும்.