மாவுக்கு வந்த முப்பத்தெட்டுப் பக்கம்

கிழக்குத் தாம்பரம்,
வெள்ளிக்கிழமை.

அன்பு மருமகன் எபிக்கு, பியூலா அத்தை எழுதுவது. ஆண்டவர் உன்னையும் பிள்ளைகளையும் சுகத்தோடு காப்பாராக. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாம் சுகம். கோபமும் நல்ல சுகத்தோடு இருக்கிறது.

சிறுசேரியில் நீ வேலை பார்க்கும் வெளிநாட்டுக் கம்பெனி உள்ளூர்த் தொழில்முனைவோரைக் கைதூக்கிவிடப் போகிறது என்று நீ சொன்னதை நம்பி, எங்கள் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் செல்வமேரியைச் சொன்னது நான்தான். டை கட்டிய மூன்று பேர் வந்தார்கள். அவள் வழக்கம்போல, "இன்னிக்கு ஊத்தவா நாளைக்கா? இட்லியா தோசையா?" என்று கேட்டுக் கேட்டு, புளித்ததையும் புளிக்காததையும் கலந்து அவரவர் தூக்கில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒருவர் மாவுக்குள் ஒரு கருவியை விட்டுப் பார்த்து, தினமும் ஒரே புளிப்பு வேண்டும் என்றார். "வெயில ஒரே மாதிரி அடிக்கச் சொல்லு சார், நான் தர்றேன்" என்றாள். அதையும் எழுதிக்கொண்டார்கள்! பிறகு கூடுவாஞ்சேரியில் மூன்று நாள் பயிற்சி. "டீச்சரம்மா, உன் கனவு இன்னான்னு கேட்டாங்கோ. கிரைண்டர் கல்லு மாத்தணும்னேன். அது கனவு இல்லியாம்" என்று திரும்பி வந்தாள். அந்த மூன்று நாளும் தெருவே ரொட்டி தின்றது.

இப்போது அவள் மாவை முழுக்கக் கம்பெனியே வாங்கிக்கொள்ள ஒப்பந்தம். முப்பத்தெட்டுப் பக்கம், ஆங்கிலத்தில். அவளுக்காக நான் படித்தேன். பதினோரு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்திக்கொண்டே போனவள் இருபத்தொன்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டேன். கையெழுத்துப் போட்டால் அவளுக்குப் புது கிரைண்டர் தருவீர்களாம். ஆனால் அவளோ, கணவன் சிட்டிபாபுவோ, பிள்ளைகளோ ஐந்து வருடத்துக்குத் தாம்பரத்தில் வேறு யாருக்கும் மாவு விற்கக்கூடாதாம். கம்பெனி மட்டும் எப்போது வேண்டுமானாலும் வாங்குவதை நிறுத்தலாமாம். "நிறுத்திட்டா அவ்ளோ மாவுலயும் நான் குளிக்கவா?" என்று கேட்கிறாள். பதினைந்து வருடப் பிழைப்பு, எபி! திங்கட்கிழமை கையெழுத்து. அதற்குள் அந்தப் பக்கத்தை நீ எடுக்க வைக்கவேண்டும். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸுக்கு என் வீட்டுப் படி ஏறாதே.

தேவன் உனக்கு ஞானம் தருவாராக. அது பயிற்சி வகுப்பில் கிடைப்பதில்லை.

உன் அத்தை,
பியூலா தேவானந்தம்

பி.கு.: அந்தப் பக்கத்தைத் தொடாதே, அப்படியே இருக்கட்டும். காலையில் இதை எழுதி முடித்ததும் செல்வமேரி வந்து, "என் வூட்டு ஆளுங்கதானே விக்கக்கூடாது? நீங்க வித்தா?" என்றாள். நானும் இருபத்தொன்பதாம் பக்கத்தை மறுபடி படித்துவிட்டேன். என் பெயர் எங்கும் இல்லை. அவள் கையெழுத்துப் போட்டுப் புது கிரைண்டரை வாங்கிக்கொள்ளட்டும். பழையது என் சமையலறைக்கு வந்தாயிற்று. எழுபத்துநான்கு வயதில் நான் உன் கம்பெனிக்குப் போட்டி. என்னிடம் மாவு வாங்க இருபத்திரண்டு வீட்டார் பெயர் கொடுத்துவிட்டார்கள்; முதல் பெயர் உன் அம்மாவுடையது.