காணோம் என்றால் தொலைந்ததா?

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

மாமியார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மாமனாரும் தையல் மிஷினும் நலம். அங்கே நீங்களும் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் கம்பெனி நலமாக இருக்க வேண்டுமா என்பதை உங்கள் பதிலைப் பார்த்து முடிவு செய்கிறேன்.

நீங்கள் கணக்குப் பார்க்கிற ஆபீஸின் ஜன்னலுக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக் கொடுத்தேன், செக் வந்தது, பத்திரமாக வைத்தேன், வைத்த இடம் மறந்துபோய் உங்களுக்குப் போன் போட்டு "காணோம்" என்றேன். காணோம் என்றுதானே சொன்னேன், தொலைந்தது என்றேனா? கண்ணாடியைத் தினமும்தான் காணோம் என்கிறேன். சாயங்காலமானால் உங்கள் மாமனாரையே காணோம் என்கிறேன். அவரையும் ரத்து செய்துவிடுவீர்களா?

திங்கட்கிழமை செக் மிஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில் சமர்த்தாகக் கிடந்தது. மிஷினுக்கு மோட்டார் மாட்ட வந்த மெக்கானிக்கையும், பணத்தை அங்கேயே கொடுத்துவிடலாமென்று, கையோடு கூட்டிக்கொண்டு பாங்குக்குப் போனேன். கவுண்டர் பொண்ணு கம்ப்யூட்டரைத் தட்டிட்டு, "பாட்டி, இது செல்லாது. கொடுத்த கம்பெனியே ரத்து பண்ணிட்டாங்க"ன்னு வரிசைக்கே கேட்கிற மாதிரி சொல்றா. "நல்லாப் பாரும்மா, கையெழுத்து இருக்கு, சீல் இருக்கு, ஒரு மடிப்புகூட இல்லே"ன்னேன். "எல்லாம் இருக்கு பாட்டி. செல்லாது, அவ்வளவுதான்." மெக்கானிக் மோட்டாரைப் பைக்குள்ளே திருப்பி வச்சுக்கிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும்? நான் அஞ்சாம் கிளாஸ்தான். அங்கே எழுதின கணக்கை அடிச்சா டீச்சர் முட்டியிலே போடுவாங்க. உங்களுக்கு அதுக்குச் சம்பளம் தர்றாங்க!

அன்றைக்கே உங்கள் உறை ஒன்று வந்தது. சமாதானம் சொல்லி எழுதியிருப்பீர்கள். படித்தால் மனசு இளகிவிடும், அதனால் பிரிக்கவில்லை. புதுச் செக் என்ற பேச்சும் வேண்டாம். அதே செக் அதே கவுண்டரில் செல்ல வேண்டும். இல்லையென்றால் என் திரைச்சீலையும் செல்லாது. வந்து கழற்றிக்கொண்டு போய்விடுவேன், வெயிலில் உட்கார்ந்து ரத்து செய்யுங்கள்.

மகளுக்கு அன்பு. பேத்திக்கு முத்தம். உங்களுக்கான ஆசி நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.

இப்படிக்கு,
விட்டுக்கொடுக்காத மாமியார்

பி.கு.: இதைப் போட உறை இல்லை. உங்கள் உறையையே உள்பக்கம் திருப்பி ஒட்டலாமென்று பிரித்தேன். புதுச் செக் விழுந்தது. பாங்குக்குக் கொண்டுபோனேன். கவுண்டர் பொண்ணு "இது செல்லும் பாட்டி"ன்னு சொல்றா. நானும் வரிசைக்கே கேட்கிற மாதிரி இன்னொரு தடவை சொல்ல வைத்தேன். மோட்டார் ஓடுகிறது. ஆசியை விடுவித்துவிட்டேன். கடிதத்தைக் கிழிக்க மனசில்லாமல் குறுக்கே இரண்டு கோடு போட்டு "செல்லாது" என்று எழுதியிருக்கிறேன். அதையும் மீறிப் படித்தால் நான் பொறுப்பல்ல.

உங்கள் மாமனாரைக் காணோம். நீங்கள் எதுவும் செய்துவிடாதீர்கள்.