ஆறு நிமிட நடை

“பேரு சொல்லுங்க ஐயா,” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ் அனிதா, மூன்றாம் தடவையாக.

ஸ்ரீகண்டன் அவள் மடியில் இருந்த பட்டியலைச் சந்தேகத்தோடு பார்த்தார். சிறுநீரகக் கோளாறு உள்ள கோயில் பணியாளர்களை ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எத்தனை மீட்டர் போகிறார்கள் என்று அளக்கும் முகாமாம். உடம்பின் தெம்பு தெரிந்துவிடுமாம். தெரிந்து இவர்களுக்கு என்ன ஆகவேண்டும்?

நாளைக்குக் கிருத்திகை. மடப்பள்ளியில் அவர் முறை. நாலு தலைமுறையாக அந்த அடுப்பை அவர் வீட்டார்தான் பற்றவைக்கிறார்கள். ‘தெம்பில்லை’ என்று ஒரு காகிதம் மலைமேல் கோயிலுக்குப் போனால் போதும், கரண்டி சித்தப்பா மகன் பரத்வாஜ் கைக்குப் போய்விடும். இந்த முகாமே அவன் ஏற்பாடாக இருக்கலாம்.

“பரத்வாஜ்,” என்றார்.

பக்கத்தில் இருந்த மனைவி காமேஸ்வரி அவர் காதோரம் சாய்ந்தாள். “ஏன்னா, சொந்தப் பேரே மறந்துடுத்தா?”

“வாயை மூடு.”

அனிதா பட்டியலில் விரலை ஓட்டினாள். “ஆங், இருக்குது. கிரியாட்டினின் உங்களுக்கும் ஜாஸ்திதான்.”

ஸ்ரீகண்டனுக்கு உள்ளூர மனம் குளிர்ந்தது. பயலுக்கும் இதே வியாதியா? வெளியே மூச்சு விடவில்லையே. அப்படியானால் அவன் பேரில் நடக்கிற நடையை ஏன் ஒழுங்காக நடக்கவேண்டும்?

வராந்தாவின் இரு முனையிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் சுவரைத் தடவியபடி நகர்ந்தார்.

“உங்க வேகத்துல நடந்துகினே இருங்க.”

“இதுதாம்மா என் வேகம்.”

“காலம்பற குளத்தை மூணு சுத்து சுத்தினேளே,” என்றாள் காமேஸ்வரி.

அவள் மேற்கொண்டு பேசாதிருக்க அவர் அவசரமாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதுதான் வினையாயிற்று. சக்கர நாற்காலி வந்தது. டாக்டர் வந்தார். விரலில் கிளிப்பை மாட்டிப் பார்த்தார்.

“நெஞ்சு வலின்னா விடமுடியாது. ரெண்டு நாள் அட்மிட் ஆகணும் பெரியவரே.”

“நாளைக்கு நான் அடுப்புப் பற்றவைக்கணும்.”

“அடுப்பெல்லாம் அப்புறம்.”

இனி மறைத்துப் பயனில்லை. ஸ்ரீகண்டன் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து, முதுகை நிமிர்த்தி, வராந்தாவின் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்குமாக நாலு தடவை விறுவிறுவென்று நடந்து காட்டினார். மூச்சு இரைத்தாலும் குரல் கம்பீரமாகவே வந்தது.

“வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் பரத்வாஜும் இல்லை. என் பேர் ஸ்ரீகண்டன். இப்போ நடந்ததை என் பேரில் எழுதிக்கோ.”

அனிதா பட்டியலைப் புரட்டினாள். அவர் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்தாள்.

“ஸ்ரீகண்டன் ஐயா காலையிலேயே வந்து நடந்துட்டுப் போய்ட்டாருங்களே. உங்க ஜாடைதான். நீங்களாவது சுவத்தப் புடிச்சிகினு பாதி தூரம் வந்தீங்க. அவரு பாவம், பத்தடிக்கு ஒருவாட்டி உக்காந்துட்டாரு.”