கலைப்பிரியாவுக்கு இடம் பிடித்தோம்

உலக நாகரிக வரலாற்றை இனி எழுதுகிறவர்கள் திண்டிவனத்துக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். பெருநகரத்துச் செல்வந்தர்கள் ஆயிரக்கணக்கில் கொட்டி அனுபவிக்கும் ‘நைட் லைஃப்’பை, பஸ் கட்டணம் உட்பட தலைக்கு நூற்றைம்பது ரூபாயில் முடித்துக் காட்டியது எங்கள் ‘சிக்கன இரவு வாழ்க்கைச் சங்கம்’.

தலைவர் கோதண்டபாணி, பொருளாளர் சவுரிராயன், இடம் பிடிப்பு அலுவலர் நெடுஞ்செழியன், செயலாளர் அடியேன். நால்வருக்கும் மனைவிமார் உண்டு. சிக்கனம் கருதி அவர்கள் சேர்க்கப்படவில்லை.

வழிமுறை எளிது. சனிக்கிழமை மதியமே நெடுஞ்செழியன் புதுச்சேரிக்குப் போய், கடற்கரைப் பக்கத்து கஃபே ஒன்றில் ஜன்னலோர மேசைமேல் துண்டைப் போட்டுவிடுவார். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டுப் போட்டுத் தேர்ந்த கை. ஐந்து மணிக்கு நாங்கள் போய்ச் சேர்வோம். ஒரு கேப்புச்சினோ, மூன்று காலி கப். கொறிக்க மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வீட்டிலிருந்து. நுரை யாருக்கு என்பதை வாரந்தோறும் தீர்மானம் போட்டு முடிவு செய்வோம்.

பரிமாறும் கலைப்பிரியா, திண்டிவனம் போகிற வழியில் ஒரு கிராமத்துப் பெண். ஒரு சனிக்கிழமை இரவு எட்டேமுக்காலுக்கு மேசையருகே வந்து நின்றாள்.

“அண்ணா, கோச்சிக்காதீங்க. என் டேபிள் எழுந்தாதான் என்னை உடுவாங்க. ஒன்பதரை பஸ்ஸை உட்டா அப்புறம் எங்க ஊர்ல நிக்கிற பஸ்ஸே கெடையாது. போன வாரம் உட்டுட்டேன். இன்னொரு வாட்டி உட்டா வேலையே வாணாம்னு அப்பா சொல்லிட்டாரு.”

சங்கம் உருகியது. உடனே அவசரக் கூட்டம்.

“எழுந்துடலாமா?” என்றேன்.

“இன்னா செயலாளரே, பேஜார் பண்றே?” என்றார் தலைவர். “கப்புல இன்னும் ரெண்டு மடக்கு கீது. ஒம்போது மணிக்கு கிட்டார் வாசிக்கிறான், ஓசியில. அதுக்குத்தானே அஞ்சு மணியிலேர்ந்து உக்காந்துகினு கீறோம்?”

“பொண்ணு பாவம்பா,” என்றார் சவுரிராயன்.

“யாரு இல்லேன்றது? செழியா, நீ ஜல்தியா பஸ் ஸ்டாண்டு போ. உனக்கு ஒண்ணு, எங்க மூணு பேருக்கு மூணு, அதோட அந்தப் பொண்ணுக்கும் ஒண்ணு புடி. ஜன்னல் சீட்டு. நாள்பூரா நின்னுகினே வேலை பாக்குது, போம்போதாவது உக்காந்துகினு போவட்டும்.”

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. கலைப்பிரியாவிடம் முறைப்படி தெரிவித்தேன்.

“எனக்கு எடம் வாணாங்கண்ணா. நீங்க எழுந்தா போதும்.”

பெருந்தன்மையை ஏற்றுக்கொள்ளத் தெரியாத வயது. மன்னித்தோம்.

ஒன்பது மணிக்கு கிட்டார் தொடங்கியது. ஒன்பது ஐந்துக்கு அவள் மேசையைத் துடைத்தாள். கையைத் தூக்கிக் கொடுத்து ஒத்துழைத்தோம். ஒன்பது பத்துக்கு மறுபடியும் துடைத்தாள். ஒன்பதேகாலுக்குத் தலைவர் கடைசி மடக்கை அருந்தினார். ஷேர் ஆட்டோவில் பறந்துபோய், நகரத் தொடங்கிய பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். கலைப்பிரியா கப் கழுவிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ஒரு காபிக்கு நான்கு கப்.

நெடுஞ்செழியன் கடமை தவறாதவர். கைக்குழந்தையோடு நின்ற அம்மாவிடம்கூட, “ஆள் வருதுங்க” என்று சொல்லி அந்த ஜன்னல் சீட்டைக் காப்பாற்றியிருந்தார். ஆள் வரவில்லை. துண்டு மட்டும் காற்று வாங்கிக்கொண்டு வந்தது.

அவள் கிராமத்தில் பஸ் நின்றது. பழைய மொபெட்டோடு ஒருவர் காத்திருந்தார். இறங்கியவர்களின் முகத்தையெல்லாம் பார்த்துவிட்டு ஜன்னலருகே வந்தார்.

“எம் பேரு அப்பாதுரைங்க. கலைப்பிரியான்னு எம் பொண்ணு… பாண்டியில இந்த பஸ்ஸு ஏறுச்சுங்களா?”

தலைவர் துண்டைக் காட்டினார்.

“நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. ஜன்னல் சீட்டே புடிச்சி வெச்சிருக்கோம்.”

அவர் துண்டைப் பார்த்தார். எங்கள் நால்வரையும் பார்த்தார். மொபெட்டைப் பாண்டிப் பக்கம் திருப்பினார்.

அடுத்த சனிக்கிழமை வேறொருவர் காபி கொண்டுவந்தார். கலைப்பிரியா வேலையை விட்டு நின்றுவிட்டாளாம். அவளுடைய சேவையைப் பாராட்டி ஒரு தீர்மானம் போட்டோம். நுரை அந்த வாரம் எனக்கு.

இத்தனை குறைந்த செலவில் எப்படி முடிகிறது என்று பலரும் கேட்கிறார்கள். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. தலைக்கு நூற்றைம்பது நாங்கள் போடுகிறோம். மீதிக்குக் கலைப்பிரியாவின் சம்பளம்.