மூன்று டயோடும் ஒரு கால்கயிறும்

என் மகன் காலில் கட்டும் கயிற்றை நான்தான் அறுப்பேன் என்று முடிவு செய்தேன். கத்தியால் அல்ல, லேசரால். சிரிக்காதீர்கள். சிரிக்க வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. வரும்போது நானே சொல்கிறேன், தலையைக் குனிந்துகொண்டு.

பிள்ளை நடக்கத் தொடங்கியதும் கிர்கிஸ்காரர்கள் நாங்கள் துஷோ என்ற சடங்கு வைப்போம். கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கம்பளிக் கயிற்றால் பிள்ளையின் இரு கால்களையும் சேர்த்துக் கட்டி, மைதானத்தின் ஒரு கோடியில் நிறுத்துவோம். மறு கோடியிலிருந்து உறவும் ஊரும் ஓடி வரும். முதலில் வந்தவர் கயிற்றை அறுப்பார். அறுத்தவரின் நடைதான் பிள்ளைக்கு வரும். நடை மட்டுமா? குணம், சுறுசுறுப்பு, தலையெழுத்து எல்லாம் அவரைப் போலவே வரும்.

இதில் என் சிக்கலின் பெயர் மெலிஸ். என் மனைவி ஜிபாரின் அண்ணன். டோக்மோக் ஊரில் பள்ளிக்கூடமொன்றில் விளையாட்டு வாத்தியார். நாற்பத்தாறு வயது, தொப்பை கிடையாது. இதுவரை குடும்பத்தில் பதினோரு பிள்ளைகளின் கயிற்றை அறுத்திருக்கிறார். பதினொன்றும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடக்கின்றன. கூப்பிட்டால் ஓடி வந்து வரிசையாக நிற்கின்றன.

நான் நிலப் பதிவு அலுவலகத்தில் எழுத்தர். எங்கேயும் முதலில் போனதாகச் சரித்திரம் இல்லை. என் கல்யாணத்துக்கே நான் போய்ச் சேர்ந்தபோது விருந்தாளிகள் பல் குத்திக்கொண்டிருந்தார்கள்.

துஷோவுக்கு மூன்று வாரம் இருந்தபோது மெலிஸ் தேநீர் குடிக்க வந்தார்.

"மாப்பிள்ளை, ஷூவுக்குப் புதுக் கயிறு போட்டாச்சு."

"மச்சான், பதினோரு பிள்ளைக்கு அறுத்தாச்சு. போதாதா?"

"பன்னிரண்டு ஆனா கணக்கு அழகா இருக்கும்ல?"

"திலேக் என் பிள்ளை மச்சான். அவன் என்னை மாதிரி வந்தா என்ன?"

"உன்னை மாதிரியா? அப்ப அவன் நடந்து இங்க வந்து சேர அடுத்த வருஷம் ஆயிடுமே!"

மெலிஸ் சிரித்தார். அது பழகியது. கிண்ணத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த ஜிபாரும் சிரித்தாள். அதுதான் தைத்தது. பெற்ற பிள்ளை என்னைப் போல வருவது என் வீட்டிலேயே நகைச்சுவை என்றால் நான் எதற்கு இருக்கிறேன்? அன்றைக்கே சபதம் செய்தேன்.

திட்டம் எளிது. எனக்கு ஓட வராது. ஆனால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நிற்க வரும். மெலிஸ் பாதி மைதானம் வருவதற்குள் என் சட்டைக் கைக்குள்ளிருந்து ஒரு சிவப்பு ஒளி. கயிறு பட்டென்று போய்விடும். "அப்பன் கை பட்டதும் தானா அறுந்துடுச்சே!" என்று கூவுவேன். இணையத்தில் ஒருவன் பழைய கணினியிலிருந்து எடுத்த லேசரால் நூலை அறுத்துக் காட்டியதைப் பார்த்திருந்தேன். அவனால் முடிந்தால் என்னால் முடியாதா?

கீழ்வீட்டில் ஜென்னாதி இருக்கிறார். ஓய்வு பெற்ற டிவி மெக்கானிக். கட்டிலைத் தவிர மற்ற இடமெல்லாம் பழைய கணினி. அவரிடம் போனேன்.

"அண்ணே, ஒரு டிவிடி பிளேயர் கொடுங்க. லேசர் எடுக்கணும்."

"பிளேயர் படிக்கத்தான் லாயக்கு. ரைட்டர் எடுத்துட்டுப் போ. டிஸ்க்கை எரிக்கிற சாமான்தான் வேற எதையும் எரிக்கும். ஆமா, எதை எரிக்கப் போறே?"

"சும்மா, ஒரு ஆராய்ச்சி."

"ஜிபாருக்குத் தெரியுமா?"

"ஆராய்ச்சி முடிஞ்சதும் சொல்வேன்."

இரண்டு ரைட்டர் கொடுத்தார். வீட்டுக் கம்பளத்தில் சம்மணம் போட்டு முதல் பெட்டியைத் திறந்தேன். நான்கு திருகு. உள்ளே வட்டுக்கு அடியில் ஓடும் சின்ன வண்டி. அதற்குள் துவரம்பருப்பு அளவில் ஒரு உலோகக் குமிழ். அதுதான் லேசரைக் கக்கும் டயோடு. விரலால் பிடித்து எடுத்தேன். எரியவே இல்லை. ஜென்னாதியிடம் ஓடினேன்.

"எங்க உட்கார்ந்து கழட்டினே?"

"கம்பளத்து மேல."

"கால்ல என்ன போட்டிருந்தே?"

"கம்பளி சாக்ஸ்."

"கம்பளியோட கம்பளியைத் தேய்ச்சு உடம்பு பூரா மின்சாரம் ஏத்திக்கிட்டு அதைத் தொட்டிருக்கே. தொட்ட நிமிஷமே செத்திருக்கும். கிர்கிஸ் வீட்ல லேசர் பிழைக்கவே பிழைக்காதுய்யா!"

இரண்டாவதைச் செருப்பில்லாமல் வெறுந்தரையில் நின்று எடுத்தேன். ஆசை தாங்காமல் பேட்டரியில் நேராக வைத்தேன். ஒரு நொடி சுவரில் நெருப்புப் பொட்டு. அடுத்த நொடி அழுமூஞ்சி வெளிச்சம். அதுவும் போனது.

"அளவா ஊட்டணும்டா," என்று ஜென்னாதி தலையில் அடித்துக்கொண்டார். "பிள்ளைக்குப் பசிக்குதுன்னு வாயில பானையைக் கவிழ்ப்பியா?" மின்சாரத்தை மட்டுப்படுத்தும் குட்டித் தகடு ஒன்றைச் செய்து கொடுத்தார். பேட்டரியும் கொடுத்தார். கண்ணைக் காக்கும் பச்சைக் கண்ணாடியை மாட்டாமல் தொடக் கூடாது என்று மிரட்டினார். ஆனால் மூன்றாவது ரைட்டர் அவரிடம் இல்லை.

எங்கள் வீட்டுக் கணினியில் இருந்தது. ஜிபார் வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் கல்யாண டிஸ்க்கைப் போட்டுப் பார்க்கும் ரைட்டர். இங்கேதான் நான் முதலில் தலையைக் குனிய வேண்டும். அதையும் பிடுங்கினேன். முன்மூடியை மட்டும் பழையபடி ஒட்டி வைத்தேன். மின்சாரம் ஏறாதிருக்க, குளியலறைத் தண்ணீர்க் குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு உட்கார்ந்து பிரித்தேன். கதவு தட்டப்பட்டது.

"திலேக் அப்பா, அரை மணி நேரமா உள்ள என்ன பண்றீங்க?"

"வயிறு சரியில்லை."

"வயித்துக்கு என் தையல் மெஷின் ஸ்க்ரூ டிரைவர் எதுக்கு?"

"அதையா? நான் பார்க்கவே இல்லையே."

"பார்க்காட்டா பரவாயில்லை. வயிறு சரியானதும் இருந்த இடத்துல வச்சிடுங்க."

மூன்றாவது பிழைத்தது. பழைய டார்ச் கூட்டில் அடைத்தேன். சோதனைக்கு என் கறுப்பு சாக்ஸ். ஓட்டை! இன்னொன்று. ஓட்டை! என் வெள்ளைக் கல்பாக் தொப்பியின் கறுப்பு விளிம்பில் ஒரு பொட்டு. புகை! பெருமை தாங்காமல் வெள்ளைக் கம்பளியிலும் அடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஐந்து நிமிடம் அடித்தேன். ஊஹூம். கறுப்பைக் கடிக்கும் ஒளி வெள்ளையை நக்கிப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. கயிற்றிலோ பாதி வெள்ளை!

ஜிபார் தையல் பட்டறையில் வேலை செய்பவள். அவள் கையில் நூல் பேசும். அன்றைக்குக் கால்கயிறு முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஜிபார், இதை முழுக்கக் கறுப்பாவே முறுக்கினா என்ன?"

"என்னது?"

"கறுப்புன்னா அழுக்கு தெரியாது."

"அரை நிமிஷம் கட்டப்போற கயித்துல அழுக்கா? நல்லதும் கெட்டதும் கலந்ததுதான் வாழ்க்கைன்னு ரெண்டு நிறத்துல கட்டறோம். முழுக் கறுப்பைப் பிள்ளை கால்ல கட்டினா எங்கம்மா மயக்கம் போட்டு விழுந்துடுவாங்க."

"சும்மா கேட்டேன்."

"நானும் சும்மாதான் கேக்கறேன். உங்க கறுப்பு சாக்ஸ்ல ஏழு ஓட்டை. வெள்ளை சாக்ஸ்ல ஒண்ணுகூட இல்லை. நம்ம வீட்டு எலி நிறம் பார்த்தா கடிக்குது?"

"கடிக்கும். குளிர்காலத்துல."

"இது மே மாசம்."

அதோடு அவள் பேசவில்லை. ஜிபார் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும். எட்டு வருஷமாக எனக்குத் தெரியும். அன்றைக்கு மட்டும் தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டேன். அவள் பட்டறைக்குப் போனதும் கயிற்றின் வெள்ளைப் புரியை மார்க்கர் பேனாவால் கறுப்பாக்கிக் கூடையில் வைத்தேன்.

அந்த வாரம் அவள் மூன்று முறை சொன்னாள்: "துஷோவுல நீங்களும் ஓடுங்களேன்."

"எனக்கு முட்டி வலி."

"ஓடித்தான் பாருங்களேன். யார் கண்டா, ஜெயிச்சாலும் ஜெயிப்பீங்க."

கேலி செய்கிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. குடியிருப்புக்குப் பின்னால் மைதானம். மேசை நிறைய போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகள், ஜாம், தேநீர். எண்பது பேர். மெலிஸ் புது ஷூவில் துள்ளிக்கொண்டிருந்தார். நான் ஒரு கோடியில் திலேக்கைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். சட்டைக் கைக்குள் டார்ச். ஜிபார் வந்து குனிந்து, பிள்ளை கால்களைக் கயிற்றால் கட்டினாள்.

"கடைசியாக் கேக்கறேன். நீங்க ஓடுறீங்களா? பிள்ளையை அம்மா பிடிச்சுக்குவாங்க."

"முட்டி வலின்னு சொன்னேன்ல?"

"சரி," என்று ஒரு பெருமூச்சு விட்டுப் போனாள்.

அப்புறம்தான் கயிற்றைப் பார்த்தேன். கறுப்பும் வெள்ளையும்! பளிச்சென்று புத்தம் புது முறுக்கு. என் மார்க்கர் கயிறு எங்கே? யோசிக்க நேரமில்லை. விசில் ஊதிவிட்டது. கறுப்புப் புரியை எரிப்போம், வெள்ளையைக் கையால் இழுத்து அறுப்போம் என்று பொத்தானை அழுத்தினேன்.

மங்கலாக ஒரு சிவப்பு. மறுபடி அழுத்தினேன். டார்ச்சை உதறினேன். இன்னும் மங்கியது. திலேக்குக்கு அது பிடித்துவிட்டது. சிரித்துக்கொண்டே குனிந்து பிடிக்கப் போனான். அவனைத் தடுக்கக் கையை நீட்டியபோதுதான் அந்தக் காலைப் பார்த்தேன். மூன்று வாரமாகக் கயிற்றையே நினைத்துக்கொண்டிருந்தவன், அதற்குள் இருந்த காலைப் பார்க்கவே இல்லை. இத்தனூண்டு. கட்டைவிரலில் ஒரு கொசுக்கடி. என் சாக்ஸில் ஏழு ஓட்டை போட்ட நெருப்பை இதன் பக்கத்தில் கொண்டு வந்திருக்கிறேன், குனிந்து பார்த்த கண்ணுக்கும் முன்னால். மெலிஸை ஜெயிக்க. டார்ச்சை முழங்கைவரை உள்ளே தள்ளினேன்.

நிமிர்ந்து பார்த்தால் பந்தயம் விநோதமாக இருந்தது. மெலிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தள்ளாடி வந்தார். ஒருவன் ஷூ கயிறு கட்ட உட்கார்ந்துவிட்டான். இருவர் பேசிக்கொண்டே நடந்து வந்தார்கள். எல்லோரும் யாரையோ எதிர்பார்ப்பது போல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவர்களுக்கு நடுவில், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒருத்தி பாய்ந்து வந்தாள். என் பெண்டாட்டி.

ஒரே வெட்டு. கயிறு விழுந்தது. திலேக் தாயின் பின்னாலேயே நாலு எட்டு நடந்தான். எண்பது பேரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சட்டைக் கைக்குள்ளிருந்து டார்ச் நழுவி மாமியார் காலடியில் விழுந்தது.

சாயங்காலம் விருந்தாளிகள் போனதும் ஜிபார் மேசையில் மூன்று சாமான்களை வைத்தாள். மார்க்கர் பூசிய கயிறு. ஓட்டை சாக்ஸ். ஜென்னாதி கொடுத்த நல்ல பேட்டரி.

"இதை எடுத்துட்டு செத்த பேட்டரியை எப்ப உள்ள போட்டே?"

"காலையில, நீங்க எங்கண்ணன் ஷூவை முறைச்சுக்கிட்டு இருந்தப்ப."

"ஜென்னாதி அண்ணன் சொல்லிட்டாரா?"

"ஒரு தட்டு போர்சோக் வச்சேன். மூணு டயோடு கதையும் சொன்னாரு." பேட்டரியை என் பக்கம் நகர்த்தினாள். "பிள்ளை கால்கிட்ட நெருப்பு கொண்டு வந்தீங்களே திலேக் அப்பா. பேட்டரியைப் பார்க்காம விட்டிருந்தா?"

"வெட்கமா இருக்கு ஜிபார்."

"இருக்கணும்."

நிஜமாகவே இருந்தது. மேசை விரிப்பின் பூக்களை எண்ணினேன். பேச்சை மாற்றினால் தேவலை போலிருந்தது.

"ஒண்ணு மட்டும் புரியலை. மெலிஸ் மச்சான் ஏன் ஆமை மாதிரி ஓடி வந்தாரு?"

"நான்தான் சொல்லி வச்சேன். அவர்கிட்ட மட்டுமில்லை. ஓடின எல்லார் வீட்டுக்கும் மூணு வாரமா நடந்து, மெதுவா ஓடுங்கன்னு கெஞ்சினேன்."

"எதுக்கு?"

"நீங்க ஜெயிக்க. அன்னைக்குத் தேநீர் ஊத்துறப்ப நான் சிரிச்சதும் உங்க முகம் போன போக்கைப் பார்த்தேன். மனசு கேக்கலை. நீங்கதான் முட்டி வலின்னீங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"சரி விடுங்க, நடந்தது நடந்துபோச்சு. நல்ல நாளும் அதுவுமா நம்ம கல்யாண டிஸ்க்கைப் போடுங்களேன், ரெண்டு பேரும் சேர்ந்து பார்க்கலாம்."

எனக்கு முட்டி வலிக்கிறது என்று சொல்லிவிட்டேன்.