சுவருக்கு மட்டும் சுகமில்லை

பாசல்
பங்குனி 1987

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் மகள் யசோதரா எழுதிக்கொள்வது. நீங்களும், நாங்கள் இங்கே வந்தபிறகு பிறந்த, நான் இன்னும் காணாத தம்பியும் கொழும்பில் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும் என்று படுக்கமுன் கும்பிடுகிறேன். இங்கே அப்பா சுகம், நான் சுகம், எங்கள் வீட்டில் தங்கி அப்பாவோடு ஒரே சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் கனகரத்தினம் மாமா சுகம். சுவருக்கு மட்டும் சுகமில்லை.

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அறைக்குள் சுவரைக் காயவைக்கிற மெஷின் ஒன்று இரைந்துகொண்டிருப்பதால் பேனாச் சத்தம் கேட்காது. ஆனாலும் அப்பா புரண்டு படுத்தால் உடனே கடிதத்துக்கு மேல் பூமிசாத்திரப் புத்தகத்தை வைத்துவிடுவேன். அவர் உங்களுக்கு எழுதிய கடிதம் இதற்குள் கிடைத்திருக்கும். "இங்கே பனி கொட்டுகிறது, சித்திரையில் வரவேண்டாம், டிக்கெட்டை ஆவணிக்கு மாற்று" என்று எழுதியிருப்பார். அம்மா, இங்கே பனியே இல்லை. டிராம் நிற்கும் இடத்து மரங்கள்கூடத் துளிர்த்துவிட்டன. அப்பாவுக்கு நீங்கள் வருவதில் விருப்பமில்லையோ என்று நீங்கள் நினைத்து அழக்கூடாது என்பதற்காகத்தான் உண்மையைச் சொல்கிறேன். காரணம் பனி இல்லை, சுவர்.

பொங்கலுக்கு முதல்நாள் தொடங்கியது இது. இந்த வருசம் நீங்கள் வரப்போகிறீர்கள் என்பதால் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சந்தோசம் தலைக்கு ஏறி, ஊரில் கழுவுவதுபோல வீட்டைக் கழுவ வெளிக்கிட்டார்கள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற, மாமா விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டு போனார். போய், மூலையில் நின்று, "அண்ணை, தண்ணி போற ஓட்டை எங்க?" என்று கேட்டார். "உங்கினைதான் எங்கயாவது இருக்கும், வடிவாப் பார்" என்றார் அப்பா. அம்மா, இந்த நாட்டு அறைகளில் ஓட்டை கிடையாது. நாங்கள் இருப்பது மூன்றாம் மாடி. ஆனால் தண்ணீர் கெட்டித்தனமாகத் தனக்கொரு வழியைக் கண்டுபிடித்துவிட்டது. மணி அடித்தது. கதவைத் திறந்தால் கீழ்வீட்டு ஃப்ராவ் ஸ்டெக்லி, வயதான மனிசி, விரித்த குடையோடு நிற்கிறா. வெளியே மழை இல்லை. அவ சமைத்துக்கொண்டு நின்ற குசினியிலிருந்து நேரே வந்திருக்கிறா.

பிறகு கட்டடத்தைப் பார்க்கிற ஹெர் ப்ரோட்பெக் வந்தார். ஈரம் போக யன்னலைத் திற, காற்று விடு என்றார். நான்தான் மொழிபெயர்த்தேன். அவர் அந்தக் குளிரில் எல்லா யன்னலையும் அகலத் திறந்துவிட்டுப் போக, அவர் படி இறங்கமுன்பே அப்பா எல்லாவற்றையும் சாத்தி, இடுக்குகளில் துவாயும் அடைத்துவிட்டார். "உவனுக்கு விசர். சூட்டிலதான் காயும், குளிரில காயுமோ?" அதோடு சோற்று ஆவியும், கொடியில் காயப்போட்ட என் பள்ளிக்கூட உடுப்பின் ஈரமும் சேர்ந்து, மாசி மாதம் ஒரு மணம் வரத் தொடங்கியது. மாமா எலி செத்துப்போச்சு என்று சொல்லி நாலு நாளாக எலி தேடினார்.

கடைசியில் அலுமாரியைத் திறந்தோம். அலுமாரியில் பாதி எங்களுக்கு, பாதி உங்களுக்கு. உங்கள் பாதியை நான் துடைத்து, பேப்பர் விரித்து, நீங்கள் வந்து சேலை அடுக்கும்வரை ஒருத்தரும் திறக்கப்படாது என்று சொல்லி வைத்திருந்தேன். அந்தப் பாதிதான் முழுக்கப் பூஞ்சணம், அம்மா. எங்கள் பக்கத்தில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பின்னால் சுவரில் ஒட்டியிருந்த கடதாசியை உரித்தால் கறுப்பு, கம்பளி மாதிரி. திறந்து திறந்து மூடுகிற இடத்தில் அது வராது, காத்து இல்லாமல் சாத்தி வைத்த இடத்தில்தான் வளரும் என்று ஹெர் ப்ரோட்பெக் சொன்னார். அதை மட்டும் நான் அப்பாவுக்கு மொழிபெயர்க்கவில்லை.

பச்சைக் குழந்தை இந்த அறையில் மூச்சு விடக்கூடாது, சுவர் காய்ந்து வெள்ளையாகட்டும் என்றும் அவர் சொன்னார். அதைக் கேட்டுத்தான் அப்பா அந்தப் பனிக் கடிதத்தை எழுதினார். "கொம்மாவுக்கு ஒண்டும் எழுதாத பிள்ளை, பாவம், பயந்திடுவா" என்றார். பிறகு அவரும் மாமாவும் சுவரைச் சுரண்டி, மருந்து போட்டுக் கழுவி, மெஷின் வைத்துக் காயவிட்டார்கள். கடைசியாகப் பூஞ்சணம் திரும்ப வராது என்று ஹெர் ப்ரோட்பெக் ஒரு வாளி சுண்ணாம்பு தந்தார். அத்தோடு விட்டிருக்கலாம். "அண்ணை, மஞ்சளும் கிருமியைக் கொல்லுமெல்லோ?" என்றார் மாமா. அப்பா ஒரு பேணி மஞ்சள்தூளை அப்படியே கொட்டிக் கலக்கிவிட்டார். சுண்ணாம்பில் மஞ்சளைப் போட்டால் என்ன வரும் என்று ஆலாத்தித் தண்ணீர் கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும். இந்த வீட்டில் பெண் நான் ஒருத்திதான். நான் பள்ளிக்கூடத்தில் நின்றேன். வந்து பார்த்தால் சுவர் சிவப்பு! இரண்டு பேரும் கட்டிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "காய வெளிறும் அண்ணை" என்கிறார் மாமா. "வாயை மூடு" என்கிறார் அப்பா. வெளிறவில்லை.

வெள்ளி காலை ஹெர் ப்ரோட்பெக் பார்க்க வருவார். அவர் என்ன சொல்வாரோ என்று பயமாயிருக்கு. ஆனபடியால் அம்மா, நீங்கள் ஆவணிக்கே வாங்கோ. எனக்கு ஒன்றுமில்லை. நான் வளர்ந்திட்டன், தலையும் நானே பின்னுறன், பின்பக்கம் உச்சி கொஞ்சம் கோணுது, அவ்வளவுதான். தம்பியின்ர நெஞ்சுக்குச் சளி பிடிக்கக்கூடாது. சுவர் காய்ந்து வெளுத்தபிறகு ஆறுதலாக வாங்கோ. அவசரமில்லை.

தம்பியின் இரண்டு கன்னத்திலும் எனக்காகக் கொஞ்சவும். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். இதைக் கிழித்துவிடவும்.

உங்கள் மகள்
யசோதரா

பி.கு: முத்திரை இல்லாமல் கடிதம் பைக்குள்ளேயே கிடந்தது. இன்று ஹெர் ப்ரோட்பெக் வந்து சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். நல்லாக் காய்ந்துவிட்டதாம், குழந்தை படுக்கலாமாம். இது என்ன நிறம் என்று கேட்டார். வீட்டுக்கு ஆட்கள் வந்தால் வாசலில் இந்த நிறத் தண்ணீர் சுற்றி உள்ளே எடுப்பம் என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, வெள்ளை அடிக்க நாளை சுண்ணாம்பு தாறன் என்றார். நான் இரண்டு பேர் சொன்னதையும் மொழிபெயர்க்க, அப்பா சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "பிறகு அடிப்பம் எண்டு சொல்லு பிள்ளை. கொம்மா வந்து பாக்கட்டும். நீ இண்டைக்கே ஒரு கடிதம் எழுது, டிக்கெட்டை மாத்த வேண்டாமெண்டு" என்றார். நான் ஓமெண்டன். மேலே எழுதினதெல்லாம் பிழை, அம்மா. அவசரம்தான். உங்கட பாதிக் கதவைத் திறந்தே வைச்சிருக்கிறன்.