பேச்சியம்மா பேர்ல உள்ள வண்டிக்கு நான் எஞ்சின் மாத்தினது

ஆடி பிறக்க மூணு நாள் இருக்கையில நான் ஒரு முடிவு எடுத்தேன். சாமான் ஏத்துற என் கெப் வண்டியோட டீசல் எஞ்சினை இறக்குறது, அதைவிடப் பெருசா வேற ஒன்னை ஏத்துறது. கராஜ்ல இல்ல, குண்டசாலையில நம்ம வீட்டு வாசல்ல, பலா மரத்துக்குக் கீழ, என் கண்ணு முன்னால.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்துல நானா எடுத்த முடிவு ரெண்டே ரெண்டு. முதலாவது, மீசை வைக்கிறது. அது கல்யாணத்துக்கு அடுத்த மாசமே போயிருச்சு. இது ரெண்டாவது.

நீங்க சிரிக்கிறதுக்கு முன்னால காரணத்தைச் சொல்லிடுறேன். அந்த எஞ்சினைக் கட்டினது என் மகன் இருளப்பன். எங்கப்பா பேரைத்தான் அவனுக்கு வச்சோம். கண்டியில ஒரு கராஜ்ல வேலை பழகிக்கிட்டிருந்தப்ப, பத்தொன்பது வயசுல, துண்டு துண்டாக் கிடந்த ஒரு எஞ்சினை மூட்டை கட்டிக் கொண்டு வந்தான். ஆறு மாசம் உட்கார்ந்து பூட்டினான். ஒரு நாள் காலையில சாவி போட்டான், அது பிடிச்சுக்கிச்சு. அதுக்கப்புறம் ஏழு வருஷம் அந்த வண்டியில மேல ஹந்தானை மலைக்கு சாமான் ஏத்திக்கிட்டுப் போறதும் மரக்கறி இறக்கிக்கிட்டு வர்றதும் அவன்தான். இருபத்தாறு வயசுல டெங்குக் காய்ச்சல் வந்துச்சு. அஞ்சே நாள், போயிட்டான்.

மூணு வருஷமா நான் ஓட்டுறேன். ஓட்டுறேன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. வண்டி பாட்டுக்கு ஓடும், நான் உள்ள உட்கார்ந்து அழுவேன். காலையில சாவி போட்டு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக் கேட்பேன். அது எனக்கு அவன் குரல். எனக்குக் காது கொஞ்சம் விசேஷம், கேட்டுக்குங்க. கண்டி குட்ஷெட் பஸ் ஸ்டேண்டுல கண்ணைக் கட்டி நிறுத்தினாலும் எந்த பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு சத்தத்தை வச்சே சொல்லிடுவேன்.

பொனட்டை மட்டும் நான் திறக்கிறதில்லை. அது அவன் கை புழங்கின இடம். அதனால எண்ணெய், தண்ணி பார்க்குறது எல்லாம் பக்கத்து லேன் வீரய்யா. மெக்கானிக், நல்ல மனுஷன். ஞாயிற்றுக்கிழமை வந்து திறந்து பார்த்துட்டுப் போவான். அந்த நேரம் நான் பின்பக்கம் போய் நின்னுக்குவேன்.

இப்ப கொஞ்ச நாளா புகை ஜாஸ்தி. ஒரு நாள் நடுரோட்டுல நின்னு செத்துப்போச்சுன்னா? என் மகன் ரெண்டாவது தடவை சாகக் கூடாது. உசுரோட இருக்கும்போதே இறக்கி வீட்டுக்குள்ள வச்சிரணும். இதுதான் திட்டம்.

என் சம்சாரம் பேச்சியம்மாகிட்ட சொன்னேன்.

"எஞ்சினை வீட்டுக்குள்ளயா வைக்கப் போறீங்க?"

"ஆமா."

"எங்க?"

"ஹோல்ல. அவன் படத்துக்குக் கீழ."

"டிவி எங்க போகும்?"

"குசினிக்குப் போகட்டும். சமைச்சுக்கிட்டே பாரு."

"அப்ப குசினி எங்க போகும்?"

குசினி என் திட்டத்துலயே இல்ல. பேச்சை மாத்தினேன்.

"வீரய்யாவைக் கூப்பிடு. நாளைக்கே பொனட்டைக் கழட்டிடலாம்."

அவ முகம் செத்துப்போச்சு. கையில இருந்த தட்டைக் கீழ வச்சா. "அதைத் திறக்க வேணாங்க. நீங்க அதைத் திறக்கக் கூடாது." பெத்தவ மனசு, பாவம்னு நினைச்சுக்கிட்டேன்.

அப்புறம் கொஞ்சம் தேறிக்கிட்டு, "ஆடி பொறக்கப் போகுது. ஆடியில எஞ்சின் மாத்தக் கூடாது"ன்னா.

"ஆடியில கல்யாணம்தான் பண்ணக் கூடாது. எஞ்சினுக்கு என்ன?"

"புது எஞ்சின் வீட்டுக்கு வர்றது புது மருமக வர்ற மாதிரிங்க. ஆடியில கூட்டிக்கிட்டு வருவாங்களா?"

மருமகள்னு அவ சொன்னதும் எனக்கு அவன் ஞாபகம் வந்துருச்சு. அவனுக்குப் பொண்ணு பார்த்து வச்சிருந்தோம். அவன் போன வருஷம் வைகாசியில கல்யாணம் பேசியிருந்தது. பேச்சியும் அதைத்தான் நினைச்சிருப்பா, சேலைத் தலைப்பை எடுத்து மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டா. அதுக்கு மேல பேசியும் பிரயோசனம் இல்ல. வண்டி அவ பேர்ல. வண்டிப் புத்தகம் அலுமாரியில. அலுமாரிச் சாவி அவ இடுப்புல.

ஆடி மாசம் பூரா நான் சும்மா இருக்கல. ஒரு கொப்பி வாங்கி திட்டம் எழுதினேன். எஞ்சின் பெருசா இருக்கணும். டர்போ இருக்கணும். ஹந்தானை ஏத்தத்துல மூணாவது கியர்லயே ஏறணும். பலா மரத்துல எந்தக் கொப்புல எஞ்சினைத் தூக்குற செயின் பிளாக் மாட்டுறதுன்னு படம்கூட வரைஞ்சேன். பேச்சியம்மா அதைப் பார்த்துட்டு, "யானையா தொங்கவிடுறீங்க?"ன்னு கேட்டா. அது எஞ்சின்னு விளக்கிச் சொன்னேன்.

அந்த மாசம் ஒரு விஷயம் கவனிச்சேன். வீரய்யா ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்ல, செவ்வாய், வெள்ளியும் வந்தான். வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னு பேச்சியம்மாகிட்ட குசுகுசுன்னு பேசினான். நான் போனா வாயை மூடிக்குவாங்க.

"என்ன வீரய்யா?"

"ஒன்னும் இல்லண்ணே. மதினிக்கு மழை வருமான்னு சந்தேகம்."

ஆவணி பொறந்துச்சு. முதல் நாள் காலையில அவளே வந்தா. "சரிங்க. எஞ்சினை மாத்திக்குங்க. வீரய்யா நல்லதா ஒன்னு பார்த்து வச்சிருக்கானாம்."

எனக்கு நம்ப முடியல. முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தடவையா நான் நினைச்சது நடக்குது. கண்ணாடி முன்னால நின்னு, மீசை வைச்சா எப்படி இருக்கும்னுகூட யோசிச்சேன்.

அந்த வாரமே கை டிராக்டர்ல எஞ்சின் வந்து இறங்குச்சு. சாக்கு போட்டு மூடி இருந்துச்சு. சாக்கை எடுத்துப் பார்த்தேன். புதுசா பெயிண்ட் அடிச்சிருந்துச்சு. ஆனா சைஸ் பழசு மாதிரியே.

"பெருசு கேட்டேனே வீரய்யா."

"பெருசுதாண்ணே. தூரத்துல இருந்து பார்க்குறீங்க."

"டர்போ எங்க?"

"அது உள்ளுக்குள்ள இருக்கு."

"டர்போ வெளியில இல்ல இருக்கும்?"

"இது உள்ளுக்குள்ள இருக்குற மாதிரி."

நான் தலையாட்டினேன். தெரியலன்னு சொல்ல வெட்கம்.

செயின் பிளாக்கை மாட்டினோம். வீரய்யா ரேடியேட்டரைக் கழட்டினான், நட்டெல்லாம் கழட்டினான். நான் பலா மரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். சங்கிலி கிரகிரன்னு இழுபடுற சத்தம் கேட்கக் கேட்க எனக்கு அவனைக் கொண்டு போன நாள் ஞாபகம் வந்துச்சு. பழைய எஞ்சின் வெளியில வந்து மண்ணுல உட்கார்ந்ததும்தான் திரும்பினேன். ஒரே எண்ணெய்க் கறுப்பு. செவ்வந்தி மாலை வாங்கி வச்சிருந்தேன், அதுக்குப் போட்டேன். சூடம் கொளுத்தினேன். ரெண்டு கையையும் அது மேல வச்சு, "மகனே, இனி நீ வெயில்லயும் மழையிலயும் ஓட வேணாம்ப்பா, வீட்டுக்குள்ள வா"ன்னு விழுந்து அழுதேன்.

பேச்சியம்மா அழல. அது எனக்குக் கோபம். அவ அந்தப் புது எஞ்சின் பக்கத்துல போய் நின்னுக்கிட்டு, சேலைத் தலைப்பால அதைத் துடைச்சுக்கிட்டு இருந்தா.

"பெத்த புள்ள இங்க கிடக்குது. நீ அந்தத் தகர டப்பாவைத் துடைக்கிற."

"அப்படிச் சொல்லாதீங்க."

"என்ன சொல்லாதீங்க? அதுல உசுரு இருக்கா? மூஞ்சி இருக்கா? யாரோ பெத்தது, எங்கயோ கிடந்தது."

"என்னங்க, கெஞ்சிக் கேட்கிறேன், அதை ஏசாதீங்க."

வீரய்யா திடீர்னு ஸ்பேனர் தேடப் போயிட்டான். ஸ்பேனர் அவன் கையிலயே இருந்துச்சு.

சரி, ஏசினாலும் சம்பிரதாயம்னு ஒன்னு இருக்கு. எந்த எஞ்சினையும் பிள்ளையார் சுழி போடாம எங்க வண்டியில ஓட்டுறதில்லை. சந்தனத்தைக் குழைச்சுக்கிட்டு புது எஞ்சின்கிட்ட போனேன். முன்பக்கம் எல்லாம் குழாயும் வயரும். பக்கவாட்டுல, கீழ, கொஞ்சம் இடம் இருந்துச்சு. குனிஞ்சு விரலை வச்சேன். ஏதோ தட்டுப்பட்டுச்சு.

அங்க ஏற்கனவே ஒரு பிள்ளையார் சுழி இருந்துச்சு. உளி வச்சு வெட்டினது. தலைகீழா.

தலைகீழா பிள்ளையார் சுழி போட்ட மனுஷன் இந்த உலகத்துலயே ஒருத்தன்தான். வண்டிக்குக் கீழ மல்லாக்கப் படுத்துக்கிட்டு அவன் வெட்டினப்ப டோர்ச் பிடிச்சது நான். "டேய், தலைகீழா வெட்டுறியேடா"ன்னேன். "பிள்ளையாருக்குப் படிக்கத் தெரியும்ப்பா"ன்னு சிரிச்சான்.

அப்படியே மண்ணுல உட்கார்ந்துட்டேன். இந்தப் பக்கம் மாலை போட்ட எஞ்சின். அந்தப் பக்கம் தகர டப்பா.

"பேச்சி. இது என்னது?"

அவளும் வந்து பக்கத்துல உட்கார்ந்தா.

"தை மகர ஜோதிக்கு நீங்க மாலை போட்டு ஐயப்பன் மலைக்குப் போனீங்கள்ல. பதினெட்டு நாள் வண்டி சும்மா நிக்குதேன்னு நான் ஒரு டிரைவரைப் போட்டேன். ஒரு நாள் நானும் ஏறிக்கிட்டேன். ஹந்தானை ஏத்தத்துல எஞ்சின் சூட்டைக் காட்டுற அந்த முள்ளு மேல போச்சு. நிறுத்துவோமான்னு அவன் கேட்டான். மழை வருது, போன்னு நான்தான் சொன்னேன். எனக்கு என்னங்க தெரியும்? கொஞ்ச தூரத்துல எஞ்சின் இறுகி நின்னுபோச்சு. ரேடியேட்டர்ல தண்ணி ஒரு சொட்டு இல்ல."

வீரய்யா தொடர்ந்தான். "நீங்க வர்றதுக்குள்ள வேற எஞ்சின் ஏத்தச் சொல்லி மதினி காலைப் பிடிக்காத குறைதாண்ணே. அதே மாடல் கிடைச்சுச்சு. வண்டிப் புத்தகத்துல எஞ்சின் நம்பரும் மாத்தியாச்சு."

"அப்ப நான் ஏழு மாசமா யாரோட பேசிக்கிட்டிருந்தேன்?"

"யாரோ தெரியலண்ணே. ஆனா பொறுமையாக் கேட்டுக்கிட்டிருந்துச்சு."

பேச்சியம்மா என் கையைப் பிடிச்சா. "மலையில இருந்து வந்தீங்க. சாவி போட்டீங்க. கண்ணை மூடிக் கேட்டுட்டு, 'பேச்சி, நம்ம புள்ள குரல் கொஞ்சங்கூட மாறல'ன்னு அழுதீங்க. நான் எப்படிங்க சொல்ல? அவன் விட்டுட்டுப் போனது அது ஒன்னுதான். அதையும் நான் கொன்னுட்டேன். எனக்குத்தான் அவன் இல்லாமப் போயிட்டான், உங்களுக்காவது இருக்கட்டும்னு இருந்தேன்."

"பொறவு?"

"பொறவு அவன் எஞ்சினை வீரய்யாகிட்ட கொடுத்து, உதிரிச் சாமான் கிடைக்கக் கிடைக்கத் திரும்பக் கட்டச் சொன்னேன். ஆடி முடியத்தான் முடிஞ்சுச்சு."

எனக்கு அவ மேல கோபம் வரணும். வரல. ஏழு மாசமா தினமும் காலையில நான் யாரோ ஒரு எஞ்சினைக் கேட்டுக் கண்ணீர் விட, இவ குசினியில நின்னு தனியா அழுதிருக்கா. அது ஒரு நாள்கூட இந்தக் காதுல விழல. "நீ கொல்லல பேச்சி. சூட்டு முள்ளு உனக்குத் தெரியாதது என் தப்பு"ன்னேன். ரெண்டு பேரும் வீரய்யா முன்னாலயே அழுதோம். அவன் மாலையைக் கழட்டி நம்ம புள்ள எஞ்சினுக்குப் போட்டான்.

மறுநாள் மத்தியானம் பூட்டி முடிஞ்சுச்சு. சாவி போட்டேன். பிடிச்சுக்கிச்சு. உண்மையைச் சொல்லிடுறேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ரெண்டும் ஒரே சத்தம்தான். வெளியில சொல்லிடாதீங்க.

அதுக்கு அடுத்த நாள் ஹந்தானைக்குப் போய்ட்டு சாயங்காலம் திரும்பினேன். லேன் முனையில திருப்பினேன். பார்த்தா, பேச்சியம்மா வாசல்ல நிக்கிறா. தலையெல்லாம் சீவி இருக்கா. எனக்கு நெஞ்சு நிறைஞ்சுபோச்சு. இவ்வளவு காலத்துல என்னை எதிர்பார்த்து அவ வாசலுக்கு வந்து நின்னது கிடையாது. பரவாயில்ல, இந்த வயசுலயாவது புருஷன் அருமை தெரிஞ்சிருக்குன்னு நினைச்சுக்கிட்டு, நிறுத்தி, எஞ்சினை அணைக்க சாவியில கை வச்சேன்.

அவ பொனட் மேல ரெண்டு கையையும் வச்சு, காதைச் சாய்ச்சுக்கிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னா:

"அணைக்காதீங்க, இன்னும் கொஞ்ச நேரம் ஓடட்டும். நீங்க இறங்கி உள்ள போங்க, தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கு."